அறுபத்திரண்டு பேர் வேண்டிய கூட்டம்

ரோசலின் எண்ணுவதையே தொழிலாகக் கொண்டு முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவர். கிள்ளான் துறைமுகத்தில் அவர் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளும் பெட்டிகளும் பட்டியலில் கண்டபடி இருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும், அதுதான் வேலை. கப்பல் பக்கமிருந்து ஒரு முறை எண்ணுவார். கிடங்குப் பக்கமிருந்து மறுமுறை எண்ணுவார். இரண்டும் ஒத்தால்தான் பேனா காகிதத்தைத் தொடும். ஒருமுறை ஒரு கப்பலின் அதிகாரி பொறுமையிழந்து, ஒரு மூட்டை குறைந்தால் கடல் வற்றிவிடுமா என்று கேட்டார். கடலைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது, மூட்டை ஒன்று குறைகிறது என்பது மட்டும் தெரியும் என்று பதில் சொல்லிவிட்டு ரோசலின் மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினார்.

பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில். தந்தை சிக்னல் பணியாளர். ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர். ரோசலின் மணந்துகொண்ட திமோத்தி மெதடிஸ்ட்; மின்கம்பம் ஏறும் லைன்மேனாக வேலை பார்த்தவர். ஞாயிறுதோறும் இருவரும் வெவ்வேறு கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் ஒரே வாழையிலைக் கடையில் சந்தித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு சண்டையும் வந்ததில்லை. கிள்ளானில், தாமான் செம்பாக்கா இண்டா என்னும் குடியிருப்பில் இருவரும் ஒரு தொடர்வீடு வாங்கினர். ரோசலின் 2020இல் ஓய்வு பெற்ற மறு மாதமே அங்குள்ள குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானார். வேறு எவரும் முன்வராததுதான் காரணம். கூட்ட அறிவிப்பை அனுப்புவதும், குறிப்பு எழுதுவதும், அடுத்த கூட்டத்தில் அதை மலாய் மொழியிலும் தமிழிலும் வாசிப்பதும் அவர் பொறுப்பாயின.

நாகையாவைப் பற்றிச் சொல்லும்போது நல்லதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் டயர்க் கடை வைத்திருந்த அவரை 2021 டிசம்பர் வரை தாமானில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மாத வெள்ளத்தில் தெருக்களில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. மீட்புப் படகு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாகையா தம் கடையிலிருந்த லோரி டயர்களின் உள்குழாய்களுக்கெல்லாம் காற்றடித்து, பலகை வைத்துக் கட்டி, நான்கு தெப்பங்கள் செய்தார். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு பகலும் ஒரு மாலையும் அவரே இழுத்தார். எழுபத்தொரு வீட்டாரைக் கரை சேர்த்தார். ரோசலினும் திமோத்தியும் அவருடைய இரண்டாம் தெப்பத்தில் வந்தவர்கள். எதிர்வீட்டு இராஜம்மா, இன்சுலின் டப்பாவைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி மூன்றாம் தெப்பத்தில் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக உயர்ந்து ஓய்வுபெற்ற அந்த அம்மையார் எதற்கும் எளிதில் கலங்குகிறவரல்லர். அன்று அவர் நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை ரோசலின் பார்த்தார்.

ஆகவே 2022 மார்ச்சில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் நாகையா போட்டியின்றித் தலைவரானதில் வியப்பில்லை. பழைய தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘ஆலோசகர்’ என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அந்தப் பதவிக்கு நாற்காலி உண்டு, செயற்குழுவில் வாக்கு இல்லை என்பதைப் பழைய தலைவர் இரண்டு மாதம் கழித்துத்தான் அறிந்தார்.

நாகையா வேலை செய்தார். ஒரே மாதத்தில் கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. ஆண்டுக்கணக்கில் எரியாத தெருவிளக்குகள் எரிந்தன. ஜூலையில் இரண்டு வீடுகளில் திருடு போனது. திருடனைப் பிடிக்கக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதங்களுக்குத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. எல்லாரும் ஒப்பினார்கள். ரோசலின் ‘மூன்று மாதங்கள்’ என்று குறிப்பில் எழுதி அடிக்கோடும் இட்டார். அக்டோபரில் தவணை முடிந்ததும் அதை நினைவூட்டினார்.

“மூணு மாசம் முடிஞ்சிருச்சுங்க, தலைவரே.”

“திருடன் மூணு மாசத்துல ரிட்டயர் ஆயிட்டானா, அக்கா?” என்றார் நாகையா.

செயற்குழு முழுவதும் சிரித்தது. ரோசலினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தீர்மானம் அப்படியே நின்றது.

அடுத்த ஆண்டு விதியில் ஒரு திருத்தம் வந்தது. பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் பதினொருவரோடு, செயற்குழுவின் ஒப்புதல் பெற்று, தலைவர் மேலும் இருபது பேர் வரை செயற்குழு உறுப்பினராக நியமிக்கலாம். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பது நல்லதுதானே என்று எல்லாருக்கும் தோன்றியது. இருபது பேருக்கும் ஆரஞ்சு நிற மேலங்கியும் வாக்கிடாக்கியும் கிடைத்தன. நுழைவாயில் தடுப்புக் கம்பத்தின் அருகே கார் நிறுத்த அவர்களுக்குத் தனி இடமும் ஒதுக்கப்பட்டது. அவர்களுக்கு மேலாளன்போல் குரு என்னும் முப்பத்தைந்து வயதுக்காரன் அமைந்தான். கைப்பேசிக் கடை வைத்திருந்த அவன், தாமானின் வாட்ஸ்அப் குழுவைத் தலைவரும் தானும் மட்டுமே எழுதக்கூடிய குழுவாக மாற்றினான். மற்றவர்கள் படிக்கலாம், கட்டைவிரல் படத்தை அழுத்தலாம். தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என எல்லாப் பண்டிகைக்கும் நாகையாவின் படம் போட்ட வாழ்த்துப் பதாகை வாயிலில் ஏறியது.

“நம்ம கல்யாண போட்டோவைவிடப் பெருசா இருக்குலா,” என்றார் திமோத்தி. “அதுலயாச்சும் ரெண்டு பேர் இருந்தோம்.”

கேள்வி கேட்டவர்கள் இல்லாமலில்லை. பின்புறக் காலிநிலத்தில் அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் முயல்கிறது என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. கேள்வி கேட்பவரெல்லாம் அந்த டெவலப்பரின் ஆள் என்று குரு சொல்லத் தொடங்கினான். பொதுக்கழிவறைக் கதவு உடைந்திருக்கிறது என்று சொன்ன ஒரு கிழவரும் டெவலப்பரின் ஆளானார். அதன்பின் கதவைப் பற்றி எவரும் பேசவில்லை.

2024ஆம் ஆண்டுக் கூட்டத்தில்தான் ரோசலின் தம் வாழ்நாளின் முதல் தவறான எண்ணிக்கையை எழுதினார். விதிப்படி தேர்தல் மறைவாக்கெடுப்பில் நடக்க வேண்டும். சீட்டுகளை அவர் வெட்டி எடுத்து வந்திருந்தார். நாகையா சிரித்துக்கொண்டே, “குடும்பத்துக்குள்ள என்ன சீட்டு? கையைத் தூக்குங்க லா,” என்றார். பக்கச் சுவரோரம் ஆரஞ்சு மேலங்கிகள் நின்றிருந்தன. கைகள் எழுந்தன. வலப்பக்கத்தில் நான்கு பேர் கை தூக்கவில்லை. அவர்களுள் ஒருவர் இராஜம்மா. “எதிர்ப்பு யாராச்சும்?” என்றார் தலைவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “அப்ப ஒருமனதாக,” என்றார். ரோசலின் அந்தச் சொல்லை அப்படியே தட்டச்சு செய்தார்.

அச்சிட்ட குறிப்பு வீடுவீடாகப் போன அன்று மாலை இராஜம்மா அதைக் கையில் பிடித்தபடி வந்தார், உட்காரவில்லை.

“நான் கை தூக்கலையே, ரோசலின். உனக்கு அது தெரியும். நான் உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“எதிர்ப்பு இருக்கான்னு கேட்டாருல்ல அக்கா. யாரும் பேசலையே.”

“பேசாட்டி என் கை தானா மேல போயிடுமா? போர்ட்டுல இப்படித்தான் எண்ணினியா நீ?”

இதைக் கேட்டுவிட்டு இராஜம்மா போய்விட்டார். கோபத்தில் சொன்னதாக இருந்தால் ரோசலின் மறந்திருப்பார். இராஜம்மா கோபப்படவில்லை.

அடுத்த மாதம் இராஜம்மா சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாத அதிகாரம் ஏன் இன்னும் முடியவில்லை என்பது அதில் இருந்த ஒரே கேள்வி. பதில் வரவில்லை, அதற்குப் பதிலாகப் புதிய உறுப்பினர் அட்டை வந்தது. பதினான்கு நாள்களுக்குள் குருவிடம் நேரில் விண்ணப்பித்து அட்டை பெறாதவர்கள் ‘செயலற்ற உறுப்பினர்’ ஆவார்கள் என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. இராஜம்மா மூன்று முறை போனார். ஒரு நாள் விண்ணப்பப் பாரம் தீர்ந்துவிட்டது. ஒரு நாள் பிரிண்டர் கெட்டுவிட்டது. மூன்றாம் நாள் குரு ஷா ஆலம் போயிருந்தான். பதினைந்தாம் நாள் நாற்பத்துமூன்று பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. அவற்றில் இராஜம்மாவின் பெயர் இருந்தது. அன்று கை தூக்காத மற்ற மூவரின் பெயர்களும் இருந்தன. கழிவறைக் கதவைப் பற்றிச் சொன்ன கிழவரின் பெயரும் இருந்தது.

ரோசலின் நேரே டயர்க் கடைக்குப் போய்க் கேட்டார். நாகையா அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார்.

“நான் யாரையும் வெட்டலக்கா. அவங்களா வரல. நீங்க எழுதறதை மட்டும் எழுதுங்க. இந்த டென்ஷன்லாம் உங்களுக்கு எதுக்கு?”

செயலாளர் பதவியை விட்டுவிடலாமா என்று அன்றிரவு உணவின்போது கணவரைக் கேட்டார். திமோத்தி மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி யோசித்தார்.

“விட்டா என்ன ஆகும்? குரு எழுதுவான். அவன் எழுதினா, வராதவங்க கூட வந்ததா ஆயிடும்.”

ரோசலின் பதவியை விடவில்லை.

2025 மார்ச்சில் ஆண்டுக் கூட்டத்துக்கான தீர்மானங்களை நாகையா அனுப்பி வைத்தார். அவை இரண்டே. ஒன்று, தலைவர் தாமாக விலகும் வரை பதவியில் நீடிப்பார்; ஆண்டுதோறும் தேர்தல் தேவையில்லை. மற்றொன்று, எந்த உறுப்பினரையும் காரணம் கூறாமல் நீக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. வந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் கை தூக்கினால் இவை விதியாகிவிடும். அதன்பின் இராஜம்மாவோ வேறு எவரோ திரும்பி வருவதற்கு வழி இராது. கேட்பதற்கென்று ஒரு கூட்டமே இராது.

அறிவிப்பைத் தயாரிக்க ரோசலின் சங்கத்தின் விதிநூலை எடுத்தார். அறிவிப்பில் நாள், நேரம், இடம், தீர்மானம் ஆகியவற்றோடு, கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும். எட்டாம் விதி இவ்வாறு சொன்னது: செயற்குழுவில் எத்தனை பேரோ, அதைப்போல் இரு மடங்கினர் மண்டபத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்தில் வந்தவர்களைக் கொண்டே தேர்தலையும் வழக்கமான அலுவல்களையும் நடத்தலாம். ஆனால் விதிகளைத் திருத்தும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை.

எத்தனையோ ஆண்டுகளாகச் செயற்குழுவினர் பதினொருவர். இருபத்திரண்டு பேர் வந்தால் போதும் என்பதால் இந்த விதியை எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது செயற்குழுவினர் முப்பத்தொருவர். ரோசலின் ‘அறுபத்திரண்டு’ என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். நாகையாவிடம் கையொப்பத்துக்குக் கொடுத்தபோது அந்த வரியை விரலால் சுட்டியும் காட்டினார்.

“இந்த வாட்டி அறுபத்திரண்டு பேர் வேணும், தலைவரே.”

நாகையா கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டே கையொப்பமிட்டார். பக்கத்தில் நின்ற குருதான் பதில் சொன்னான்:

“வருவாங்கலா, ஆன்டி. கமிட்டியே முப்பத்தொண்ணு. ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தா முடிஞ்சுச்சு.”

அறிவிப்பு சங்கத்தின் பலகையில் ஒட்டப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாத இராஜம்மாவுக்கு அது தபாலில் போகவில்லை. அவர் பலகையின் முன் நின்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. இடம், டேவான் என்று எல்லாரும் அழைக்கும் பொதுமண்டபம். நூற்றிருபது நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பத்து மணிக்கு ரோசலின் முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனார், நாற்பத்தேழு. கடைசி வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே திரும்பி வந்தார், நாற்பத்தேழு.

குரு கைப்பேசியை எடுத்தான். ஆரஞ்சு மேலங்கிக்காரர்களில் ஒன்பது பேரைக் காணோம். ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீட்டில் இருந்தார். ஒருவர் மனைவியோடு மஸ்ஜித் இந்தியாவில் புடவை எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் போனை எடுக்கவே இல்லை. ஆளுக்கு ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னவர்களில் ஒவ்வொருவரும், அதை மற்றவர்கள் செய்வார்கள் என்று இருந்துவிட்டார். பொதுமக்களோ, இரண்டு ஆண்டுகளாக எல்லாம் ஒருமனதாக முடிந்துவிடுவதைப் பார்த்தவர்கள். தாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டவர்கள். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர் நாகையாதான்.

பத்தே காலுக்குக் குரு சன்னல் வழியே வெளியே பார்த்தான். எதிரே ரொட்டிச் சானாய்க் கடையில் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள், நடுவில் இராஜம்மா.

குரு தலைவரின் காதருகே குனிந்தான். செயலாளரின் மேசை பக்கத்திலேயே இருந்ததால் ரோசலினுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அவங்களை உள்ள கூப்பிட்டுக்கலாம், பாஸ். நாற்பத்தேழும் இருபதும் அறுபத்தேழு. அத்தனை பேரும் எதிர்த்தாலும் பரவால்ல. நாற்பத்தஞ்சு ஓட்டு போதும். உள்ள நாற்பத்தாறு நம்ம ஆளு.”

நாகையா ஒரு கணந்தான் யோசித்தார். சங்கத்தின் கடிதத்தாளை எடுத்துத் தம் கையாலேயே எழுதினார்: நீக்கப்பட்ட நாற்பத்துமூன்று பேரும் இன்று முதல் மீண்டும் முழு உறுப்பினர்கள். கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தினார். அவர் முகத்தில் சிறிதும் வருத்தமில்லை. வெள்ளத்தன்று கயிறு எறிந்தபோது எல்லாரும் பற்றிக்கொண்டார்கள். இன்றும் பற்றிக்கொள்வார்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

கடிதத்துடன் குரு தெருவைக் கடப்பதை ரோசலின் பார்த்தார். எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்ற ஆசையிலேயே அந்த இருபது பேரும் எழுந்து உள்ளே வந்துவிட்டால், அறுபத்திரண்டு நிறைந்துவிடும். அவர்கள் வருகையே நாகையாவை வாழ்நாள் தலைவராக்கிவிடும். செயலாளர் எழுந்து போய் அதை எவரிடமும் சொல்ல முடியாது. அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னலருகே நின்றார். தெரு குறுகலானது, பேச்சு நன்றாகக் கேட்டது.

“ஆன்டி, லெட்டர் கொண்டு வந்திருக்கேன். எல்லாரும் மெம்பர்தான் இப்ப. வாங்க உள்ள.”

இராஜம்மா கடிதத்தை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார். அது மூன்று மேசைகளையும் சுற்றி அவரிடமே திரும்பி வந்தது. நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி, தம்பி. உன் கடையில பிரிண்டர் சரியாயிருச்சா?”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம் ஆன்டி, டைம் ஆகுது.”

“மெம்பருக்குப் பதினாலு நாளைக்கு முன்ன நோட்டீஸ் வரணும். எனக்கு வரலயே. நோட்டீஸ் வராத கூட்டத்துக்கு நான் எப்படிப்பா வர்றது?”

“இப்பத்தானே மெம்பர் ஆக்கினோம்?”

“அதான் சொல்றேன். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புங்க, மொத ஆளா வரேன். நீ உக்காரு, ஒரு தே தாரேக் குடிச்சிட்டுப் போ.”

கடையில் சிரிப்பு எழுந்தது. நீக்கப்பட்டிருந்த கிழவர் கை தட்டி ஒரு ரொட்டி கூடுதலாகச் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மணி பத்தரை. ரோசலின் மீண்டும் எண்ணினார். ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஒருவர் வெளியே போயிருந்தார். நாற்பத்தேழு. அவர் மேசைக்குத் திரும்பியதும் நாகையா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்திருந்தது, அதில் மிரட்டல் இல்லை.

“அக்கா. அறுபத்தேழுன்னு எழுதிக்குங்க. எதிர்த்தாப்புலதானே உக்காந்திருக்காங்க. மெம்பர்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“டேவானுக்குள்ள நாற்பத்தேழு பேர்தான் இருக்காங்க, தலைவரே.”

“ஒரு நம்பர்தானேக்கா. போன வருஷம் எழுதினீங்களே, அந்த மாதிரிதான். உங்களைத் தெப்பத்துல இழுத்தப்ப நான் எண்ணிப் பாத்தா இழுத்தேன்?”

ரோசலினுக்குத் தெரியும்: இரண்டும் உண்மை. போன வருடம் அவர் எழுதினார். அந்த வெள்ளத்தில் இந்த மனிதர் எண்ணிப் பார்க்காமல்தான் இழுத்தார்.

“நீங்க இழுத்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்,” என்றார். “எங்க வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வாங்க, சாப்பிடுங்க. போன வருஷம் எழுதினது தப்பு. அதை இன்னொரு வாட்டி எழுத மாட்டேன்.”

பின்பு எழுந்து நின்று, கப்பல் தளத்தில் கூவிப் பழகிய குரலில், மலாயில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் அறிவித்தார்: வந்திருப்போர் நாற்பத்தேழு, வேண்டியவர் அறுபத்திரண்டு, எட்டாம் விதிப்படி கூட்டம் மூன்று வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது, அந்தக் கூட்டத்தில் தேர்தல் நடைபெறும், விதித்திருத்தம் எடுத்துக்கொள்ளப்படமாட்டாது. சுவரோரம் நின்ற ஆரஞ்சு மேலங்கிக்காரர் ஒருவர் மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலிமேல் வைத்தார். வெக்கையாக இருந்ததாலும் இருக்கலாம். பார்த்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மூன்று வாரங்களில் ரோசலின் எந்தப் பிரசாரமும் செய்யவில்லை. நாற்பத்துமூன்று வீடுகளுக்கும் அறிவிப்பைத் தாமே நடந்துபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினார். திமோத்தி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வாட்ஸ்அப்பில் குரு தினமும் எழுதினான். கட்டைவிரல்கள் நாளுக்கு நாள் குறைந்தன.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு நூற்றிருபத்தாறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கு நாற்காலி இல்லை. முதல் அலுவல், சென்ற ஆண்டுக் குறிப்பை வாசித்து உறுதிசெய்வது. தேர்தல் பகுதி வந்ததும் ரோசலின் வாசிப்பதை நிறுத்தினார்.

“இந்த இடத்துல ஒரு திருத்தம். இது என்னோட தப்பு,” என்றார். “ஒருமனதாகன்னு எழுதியிருக்கேன். நாலு பேர் கை தூக்கல. நான் பாத்தேன், பாத்துட்டும் எழுதல. அதை மாத்தி எழுதணும்னு நானே முன்மொழியறேன்.”

வழிமொழிய மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இராஜம்மா எழவில்லை, அவர் தம் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

பின்பு சீட்டுகள் வழங்கப்பட்டன. தலைவர் பதவிக்கு நாகையாவும், ஆலோசகராகிப்போன பழைய தலைவரும் போட்டியிட்டனர். இரு தரப்பாரும் பார்க்க, பெட்டியை மேசைமேல் கவிழ்த்து எண்ணினார்கள். நாகையாவுக்கு அறுபத்தைந்து, பழையவருக்கு அறுபத்தொன்று. வெள்ளத்தை மக்கள் மறந்துவிடவில்லை. ஆனால் செயற்குழுவின் மற்றப் பத்து இடங்களில் ஏழு, அவர் நிறுத்தாதவர்களுக்குப் போயின. எல்லாரிலும் கூடுதலாக எண்பத்தெட்டு வாக்குகள் பெற்றவர் இராஜம்மா.

புதிய செயற்குழுவின் முதல் கூட்டத்தில், இருபது பேரை மறுபடியும் நியமிக்கலாமா என்று நாகையா கேட்டார்.

“எதுக்கு?” என்றார் இராஜம்மா. “ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறாங்க.”

ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் அது தோற்றது. மூன்று மாதத்துக்கென்று கொடுக்கப்பட்ட அதிகாரம் முப்பத்துமூன்றாம் மாதத்தில் முடிவுக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் எல்லாரும் எழுதலாம் என்றானது; அன்று மாலையே கழிவறைக் கதவைப் பற்றிப் பதினேழு செய்திகள் வந்தன. மறுவாரம் நாகையாவே ஆள் வைத்துக் கதவை மாற்றினார். நன்றாகவே மாற்றினார்.

செயற்குழுவின் அந்த முதல் கூட்டம் கலைந்த அன்று ரோசலின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாகையா புறப்படாமல் நின்றார். உடைந்தவராகத் தெரியவில்லை; களைத்திருந்தார், அவ்வளவுதான்.

“அன்னிக்கு உள்ள வந்திருந்தா, எனக்கு ஆள் சேத்துக் கொடுத்தது தான்தான்னு ஆயிருக்கும்னு இராஜம்மாக்கா சொல்றாங்க,” என்றார். “எங்களை மாதிரியே அவங்களும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.”

“பேக்டரியில ஷிப்டுக்கு நூறு பேரை மேய்ச்சவங்க. எண்ணாம இருப்பாங்களா?”

நாகையா சிரித்தார். கார்ச் சாவியை எடுத்தவர், மீண்டும் திரும்பினார்.

“அடுத்த எலக்‌ஷன் எப்பக்கா?”

ரோசலின் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

“மார்ச் கடைசி ஞாயிறு, காலையில பத்து மணி. நிக்கிறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே பேர் கொடுத்துடுங்க.”